வீட்டில் கிட்டார் ரெக்கார்டிங்: தனி பிரீஆம்ப் வாங்கணுமா?

கிட்டாரை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்தால், ‘என்ன இது, இவ்வளவு தட்டையா இருக்கு?’ என்று தோன்றும். உடனே பலரும் தேடுவது தனி பிரீஆம்ப். சேமிப்பைக் கரைக்கும் முன் கொஞ்சம் யோசிங்க.

சிக்னலைப் பதிவுக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்துவதுதான் பிரீஆம்பின் வேலை. அது இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இருக்கு. ஒலி தட்டையாகக் கேட்கக் காரணம், ஆம்பும் ஸ்பீக்கரும் இல்லாததே. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த வேலையை பிரீஆம்ப் செய்யாது. ஆம்ப் சிமுலேட்டர் செய்யும். அது இலவசமாகவே கிடைக்குது.

முதலில் ‘ஹை-இசட்’ உள்ளீட்டில்தான் செருகியிருக்கீங்களா என்று பாருங்க. அதன் இம்பீடன்ஸ் பொதுவாக 10 லட்சம் ஓம். மைக் உள்ளீட்டில் சில ஆயிரம் ஓம்தான். இடம் மாறினால் ட்ரெபிள் மங்கிவிடும். சிக்னலின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும். கம்பி பழசா? மாத்துங்க.

அப்போ வெளி பிரீஆம்ப் வேஸ்ட்டா? இல்லை. 1968-ல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ சிங்கிளுக்காக கிட்டாரை நேராக மிக்சிங் கன்சோலில் செருகி, பிரீஆம்பை வேண்டுமென்றே ஓவர்லோட் செய்தார்கள். அந்தக் கரகரப்புதான் அந்தப் பாட்டின் அடையாளம். அப்படியொரு நிறம் தேவைப்பட்டால் தாராளமா வாங்கலாம். ஆனால் அதை இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் இணைக்கணும். சுத்தமான ஒலிதான் வேணும்னா, அந்தக் காசு பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.