பழி சுமந்த பூக்கள்



சென்ற மார்கழியில் ஒரு நாள். எங்கள் பகுதிப் பெருமாள் கோயிலில் திருப்பாவை சேவித்து முடிந்து, அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை உயர்த்திய வேளை. அடுக்கடுக்காக எட்டு, ஒன்பது தும்மல்கள் அடியேனிடமிருந்து புறப்பட்டன. ‘நல்ல நேரத்தில் தும்முகிறாரே’ என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நாணத்தால் தீர்த்தம்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மூக்கில் நீராக ஒழுகுதல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, ஓயாத தும்மல். காய்ச்சல் மட்டும் இராது. நான்கைந்து ஆண்டுகளாகவே மார்கழியிலும் தையிலும் இந்தத் தொல்லை உண்டு. அன்று வீடு திரும்பியதும் என் சினம் முழுவதும் கூடத்தில் இருந்த பூக்கூடையின்மீது பாய்ந்தது. என் துணைவியார் திருமணமான நாள் தொட்டுத் தம் கையால் மாலை தொடுத்துப் பெருமாளுக்கு அனுப்பி வருபவர். “இந்தப் பூக்களால்தான் எனக்கு இவ்வளவு அவதி. இனி வீட்டுக்குள் பூ வரவேண்டாம்” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. வாழைநாரைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டார்.

பூ நின்றது, தும்மல் நிற்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை விழுங்கத் தொடங்கினேன். நான்காம் நாள் விடியற்காலையில் கோயில் படியில் கால் தடுமாறிச் சாய்ந்தேன். பக்கத்துச் சுவரைப் பற்றியதால் பிழைத்தேன். அன்று மாலையே மருத்துவரிடம் சென்றேன்.

மாத்திரை அட்டையைப் பார்த்த அவர், “சார், இது குளோர்பெனிரமின். பழைய வகை. தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். உங்கள் வயதில் தாமாக வாங்கிச் சாப்பிடக்கூடாது” என்றார். முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் அது உண்டாக்கக்கூடும் என்று விளக்கினார். தூக்கம் குறைவாகத் தரும் வேறு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, “எங்கே, எப்போது தும்மல் வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள்” என்றார்.

வங்கியில் பேரேட்டோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது பழகிய வேலை. நேரம், இடம், தும்மலின் கடுமை என்று பத்தி பிரித்து எழுதினேன். மாத முடிவில் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது திகைத்துப் போனேன். பூவே இல்லாத வீட்டிலும் தும்மியிருக்கிறேன். கோயிலுக்குக் குறுக்கு வழியாகக் காலிமனையைக் கடந்து சென்ற நாட்களில் தும்மல் மிகுதி. பெரிய சாலை வழியே சென்ற நாட்களில் குறைவு. அந்த மனையில் மழைக்குப் பின் பார்த்தீனியச் செடி இடுப்பளவு வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. தோலில் செய்த ஒவ்வாமைச் சோதனையும் அதையே உறுதிப்படுத்தியது.

மருத்துவர் சொன்ன காரணம் எளியது. நிறமும் மணமும் உள்ள பூக்கள் பெரும்பாலும் வண்டையும் தேனீயையும் நம்பி இருப்பவை. அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் வெகுதூரம் பறக்காது. புல், களைச்செடி, சவுக்கு, சீமைக்கருவேலம் போன்றவற்றின் மகரந்தமோ கண்ணுக்குப் புலப்படாத தூளாகக் காற்றில் மிதந்து நம் மூக்கை அடைகிறது. சாமந்தி மட்டும் ஒரு விதிவிலக்கு. அது பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பார்த்தீனியம் ஒவ்வாத சிலருக்குச் சாமந்தியைக் கையாள்வதும் ஒவ்வாது. சம்பங்கியும் துளசியும் என் கணக்கில் குற்றமற்றவை.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி இதே தொல்லையால் வருந்தியவர். மகரந்தத்தைத் தம் மூக்கிலேயே இட்டுச் சோதித்து, பட்டம் பறக்கவிட்டு வானத்து மகரந்தத்தையும் பிடித்து, அதுவே காரணம் என்று 1873-இல் நூலாக வெளியிட்டார். அடியேன் சோதித்துப் பாராமலே தீர்ப்பு வழங்கியவன்.

இன்று அடியேன் கடைப்பிடிப்பவை இவை. வெளியே சென்று வந்ததும் முகம், கை, கால் கழுவி உடை மாற்றுகிறேன். பூக்கும் பருவத்தில் காலிமனைப் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வைக்கிறேன். கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுகிறேன். கொதிக்க வைக்காத நீரை இதற்குப் பயன்படுத்தலாகாது. மருத்துவர் தந்த மூக்குத் தெளிப்பானை நாள்தோறும் தவறாமல் பயன்படுத்துகிறேன். அதன் முழுப்பயன் தெரிய ஓரிரு வாரமாகும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதை ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னைவிட மிகும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேளாமல் தொடவே கூடாது. சாம்பிராணி, கற்பூரப் புகை சூழும்போது சற்று விலகி நின்று சேவிக்கிறேன். பூஜை அறையில் நிர்மால்யத்தை அன்றன்றே அகற்றுகிறோம். ஈரத்தில் வாடிய பூவில் படரும் பூஞ்சையும் தும்மல் தரும்.

மூச்சு இழுப்போ, ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ, இரத்தமோ கண்டால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். தும்மலுக்கு அஞ்சிக் கோயிலுக்குப் போவதை நிறுத்தியும் விடாதீர்கள்.

சோதனை முடிவு வந்த அன்று, கடைத்தெருவில் சம்பங்கியும் துளசியும் வாங்கிக்கொண்டு வீடு சென்றேன். “தவறு என்னுடையதுதான்” என்று கூடையை நீட்டினேன். துணைவியார் அதை வாங்கிக்கொண்டு, “முப்பது நாள் பெருமாள் காத்திருந்தார், போங்க” என்று மட்டும் சொன்னார். பிறகு நாரை நீரில் நனைக்க எழுந்து சென்றார்.

தவறான கணக்கில் எழுதிய பற்றை வங்கியில் அன்று மாலைக்குள் திருத்திவிடுவோம். வீட்டில் திருத்த எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.