திரையில் மின்னும் தங்கமும் ஏட்டில் உறங்கும் தங்கவயலும்

அண்மையில் 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தின் இரு பாகங்களையும், அவற்றைத் தொடர்ந்து பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தையும் மீண்டும் பார்த்தேன். இடையிடையே தங்கவயலைப் பற்றிய சில நூல்களையும் வாசித்தேன். ஊரிகத்தில் இருந்துகொண்டு இவற்றைப் பார்ப்பதும் படிப்பதும் வேறு ஊர்க்காரருக்கு வாய்க்காத அனுபவம். திரையில் தெரியும் மண் நம் காலடி மண். ஆனால் அந்த மண்ணின்மேல் நடமாடுபவர்களில் நம் பாட்டனைத் தேடினால் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. இந்தத் தேடலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் திரைப்பட ரசிகன். பிரசாந்த் நீல் இயக்கத்தில் 2018 டிசம்பரில் வெளிவந்த முதல் பாகத்தையும், 2022 ஏப்ரலில் வெளிவந்த இரண்டாம் பாகத்தையும் அவற்றுக்குரிய உற்சாகத்தோடுதான் பார்த்தேன். ரவி பஸ்ரூரின் இசையும், கரியும் புழுதியும் படிந்த அந்த ஒளிப்பதிவும், வெட்டி வெட்டி முன்னேறும் படத்தொகுப்பும் கன்னடத் திரையுலகுக்கு நாடெங்கும் ஒரு முகவரியைப் பெற்றுத் தந்தன. இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. வெகுமக்கள் படம் என்ற அளவில் அதன் திறமையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 'படம் வேறு, வரலாறு வேறு' என்ற வாதத்தையும் நான் அறிவேன். கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு கற்பனை, உயிரோடிருக்கும் ஓர் ஊரின் பெயரைத் தன் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த ஊரார் அதைப் பற்றிப் பேசுவதற்கும் உரிமை பிறந்துவிடுகிறது.

படத்தில் 1951ஆம் ஆண்டு ஓர் இரவில் நாயகன் பிறக்கிறான்; அதே இரவில் நராச்சியில் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. உண்மையில் 1951இல் இவ்வூர்ச் சுரங்கங்களுக்கு எழுபது வயது ஆகிவிட்டிருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கு கால் வைத்தது. சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து 1902இல் இங்கு வந்து சேர்ந்தது. படம் 'தொடக்கம்' என்று காட்டும் ஆண்டில், இங்கு மூன்று தலைமுறைத் தமிழர்கள் சுரங்கத்தில் இறங்கி, இருமி, மடிந்து முடித்திருந்தார்கள். வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நராச்சியில் அவர்கள் இல்லை. அங்கிருப்பவர்கள் பெயரும் ஊரும் இல்லாத அடிமைகள். மீட்பன் ஒருவன் மும்பையிலிருந்து வரும்வரை காத்திருப்பதே அவர்களுக்கு வாய்த்த வேலை.

இங்குதான் எனக்கு அடிப்படையான முரண்பாடு. தங்கவயல் தொழிலாளி எந்த மீட்பனுக்காகவும் காத்திருந்தவன் அல்லன். கைரேகை பதிவு செய்யவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 1946 நவம்பர் 4ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தங்கள் சங்கத்தைத் தாங்களே கட்டியவர்கள், தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தவர்கள் இவர்கள். இத்தகையவர்களின் பேரப்பிள்ளைகள் திரையரங்கில் அமர்ந்து, தம் முன்னோர் வாயில்லாப் பூச்சிகளாக நின்று ஒருவனைக் கையெடுத்துக் கும்பிடும் காட்சிக்குக் கைதட்டுகிறார்கள். கைதட்டுபவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. மாற்றுக் கதையை அவர்கள் கையில் நாம் கொடுக்கவில்லை என்பதே வருத்தம்.

சுரண்டல் எப்படி நடந்தது என்பதையும் படம் தவறாகவே சொல்லித் தருகிறது. நராச்சியில் கொடுமைக்கு ஒரு முகம் உண்டு. கருடன் என்று அதற்குப் பெயர். அவன் தலை விழுந்தால் விடுதலை. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர், மைசூர் அரசில் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி 1998இல் எழுதிய ஆங்கில நூலைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும். இங்கே அதிகாரம் பேரேட்டின் வழியாகவும், ஒப்பந்தக்காரரின் வழியாகவும், தட்டி அடைத்த லைன் வீடுகளின் வழியாகவும் இயங்கியது. தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி ஒவ்வொரு தொழிலாளியும் ஐயத்துக்குரியவனாகவே நடத்தப்பட்டான். இதில் வெட்டுவதற்கு ஒரு தலை இல்லை. ஆகவேதான் இதை எதிர்க்கச் சங்கம் தேவைப்பட்டது, துண்டறிக்கை தேவைப்பட்டது, படிப்பு தேவைப்பட்டது. சுத்தியல் தூக்கிய நாயகனால் தீர்க்க முடியாத சிக்கல் இது.

2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'தங்கலான்' இந்தக் குறையை உணர்ந்து எழுந்த படம். இரஞ்சித்தோடு அழகிய பெரியவனும் தமிழ்ப் பிரபாவும் எழுத்தில் கைகோத்தது அதன் பெரும் பலம். வடார்க்காட்டின் நிலத்தையும் பேச்சையும் அறிந்தவர்களின் கை அதில் தெரிகிறது. நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் அதை மீட்பதற்காகவே வெள்ளைக்காரனோடு தங்கம் தேடிப் போகிறது என்ற ஒரு முடிச்சிலேயே தங்கவயலின் குடிப்பெயர்ச்சி வரலாறு அடங்கிவிடுகிறது. மக்கள் இங்கு பேராசையால் வரவில்லை. ஊரில் காலூன்ற ஒரு சாண் நிலம் இல்லாததால் வந்தார்கள். கங்கம்மாளாகப் பார்வதி திருவோத்து நிற்கும் விதத்தில், லைன் வீடுகளில் குடும்பத்தைத் தாங்கிய பெண்களை நான் கண்டேன். புத்தரின் தலை மண்ணில் கிடக்கும் படிமத்துக்கும் இவ்வூரில் ஆழமான பொருள் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஆயினும் 'தங்கலான்' எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஆரத்தி என்ற காவல் தெய்வமும், பிறவி கடந்த நினைவுகளும், சூனியமும் படத்தின் பிற்பாதியை மூடிக்கொள்கின்றன. தொன்மத்தை அடித்தட்டு மக்களின் பக்கம் திருப்பி எழுதும் இரஞ்சித்தின் நோக்கம் மதிப்புக்குரியது. ஆனால் அந்த முயற்சியில், கால்வயிற்றுக் கூலிக்கும் கங்காணியின் கணக்குக்கும் இடமில்லாமல் போகிறது. முதல் ஷாஃப்ட் இறக்கப்படுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. ஒரு படம் சுரங்கத்துக்கு முந்தைய தொன்மத்தைச் சொல்கிறது. இன்னொரு படம் சுரங்கத்தையே கற்பனையாக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே 1880 முதல் 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரையுள்ள நூற்றிருபது ஆண்டுகள் திரையேறாமலே கிடக்கின்றன.

இரு படங்களுக்கும் பொதுவான இன்னொன்று, தங்கத்தின் மினுமினுப்பு. பாறையை உடைத்தால் பொன் பளிச்சிடுகிறது. இங்கு சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாறையில் தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே. பிற்காலத்தில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சில கிராம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும் ஆழத்தில் கேஜில் இறங்கித் துளையிட்டு, வெடி வைத்து, கல்லை மேலேற்றி, மாவாக அரைத்து, சயனைடில் கரைத்த பிறகே அது தங்கமானது. தொழிலாளி கண்டது கல், சுவாசித்தது தூசி. 1940களில் இங்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த மருத்துவ ஆய்வில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது. ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியேறிய மண்ணில் தங்கியது இந்த இருமல். மினுமினுப்பைக் காட்ட ஒரு விளக்கு போதும். இருமலைக் காட்டத்தான் கலைஞன் வேண்டும்.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன். 'கே.ஜி.எஃப்' படத்தின் கதையமைப்பில் ஓர் ஆர்வமூட்டும் செய்தி உண்டு. படம் முழுவதும் ஆனந்த் இங்களகி என்ற பத்திரிகையாளர் எழுதிய 'எல் டொராடோ' என்ற புத்தகத்திலிருந்தே விரிகிறது. அரசு அந்தப் புத்தகத்தைத் தடை செய்து எரித்துவிட்டதாகக் கதை சொல்கிறது. தங்கவயலின் உண்மையைச் சொல்லும் புத்தகம் ஒன்று இருக்கவேண்டும், அது மறைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று அந்தப் படமே நம்புகிறது. உண்மை நிலை இதைவிடக் கசப்பானது. புத்தகங்கள் இருக்கின்றன. எவரும் அவற்றைத் தடை செய்யவில்லை. நாம்தான் படிக்கவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் தடுமாறி நின்றபோது, 1920களில் அதை மீண்டும் எழுப்பியது தங்கவயல். ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து அதை நடத்தினார். பண்டிதரின் நூல்கள் பல சித்தார்த்த புத்தகசாலையின் வழியே இவ்வூரிலிருந்து அச்சேறின. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பகலெல்லாம் பாதாளத்தில் உழைத்தவர்கள் மாலையில் கூடிப் பத்திரிகை படித்தார்கள், வாதிட்டார்கள், தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து நூல்களை வெளியிட்டார்கள். ஜி. அலாய்சியஸ் இந்தத் தமிழ் பௌத்த இயக்கத்தை 1998இல் வெளியான ஆங்கில ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். 'தங்கலான்' படத்தில் மண்ணில் கிடக்கும் புத்தர் தலை எனக்குப் புதைபொருளாகத் தெரியாததற்கு இதுவே காரணம். இவ்வூரில் புத்தர் அச்சகத்திலும் வாசிப்பறையிலும் உயிரோடு இருந்தார்.

இதன் மறுபக்கமாக, பிரிஜெட் வைட்டின் நினைவுநூல் போன்ற ஆங்கிலோ இந்தியர் எழுத்துகள் இருக்கின்றன. நடன இரவுகள், கிறிஸ்துமஸ், கிளப், தோட்டம் சூழ்ந்த பங்களா என்று 'குட்டி இங்கிலாந்து' அவற்றில் மலர்கிறது. அதுவும் உண்மையே; ஒரு சமூகம் தன் இளமையை அன்போடு நினைவுகூர்வதில் பிழையில்லை. எனினும் அதே காலத்தில், அதே சங்கொலிக்கு எழுந்த லைன் வீட்டுக்காரர்களின் நினைவு அத்தகைய அழகிய நூலாகக் கட்டப்பட்டு நம் கைகளில் தவழவில்லை. ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அவர்கள் யாரைப் பற்றி எழுதினார்களோ, அந்த வீடுகளில் பேசப்படுவது தமிழ்.

நல்ல நூல் ஒன்று இருப்பதால் என்ன பயன் என்பதற்குத் தேயிலைத் தோட்டம் சான்று. மருத்துவர் பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் கண்டதை 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதிலிருந்தே பாலாவின் 'பரதேசி' 2013இல் உருவாயிற்று. மூலத்தில் பரிவோடு இருக்கும் மருத்துவப் பாத்திரத்தைப் படம் மதமாற்றக் கேலியாக மாற்றியபோது, வாசகர்கள் உடனே கேள்வி எழுப்பினார்கள். கையில் நூல் இருந்ததால்தான் அந்தக் கேள்வி சாத்தியமாயிற்று. திரைப்படம் எப்போதும் தன் விருப்பப்படி வளைக்கும். அதை அளந்து பார்க்கும் கோல் புத்தகமே.

இதை வெறும் கலை விவாதமாக நான் கருதவில்லை. 2024 ஜூனில், இங்குள்ள 13 கழிவு மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை இசைவு தந்தது. வெளியூர் இளைஞர்கள் படப்பிடிப்புத் தளமாக எண்ணிப் படமெடுத்துச் செல்லும் சயனைடு மேடுகள்தாம் அவை. காற்று வீசினால் அதன் தூசி நம் வீட்டுப் பாத்திரங்களில் படிகிறது. அம்மேடுகள் மீண்டும் கிளறப்படும்போது யார் எதைக் கேட்கப்போகிறோம்? தங்கவயல் என்றால் நாயகனும் புதையலும் என்று நம்பும் ஊர், தன் பங்குக்கு எத்தனை வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்கும். இருமலின் வரலாற்றைப் படித்த ஊர், தூசிக்கு என்ன காப்பு, மருத்துவச் சோதனையை யார் நடத்துவது, நீர் எங்கே வடியும், ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கும் என்றும் சேர்த்துக் கேட்கும். நாம் எந்தக் கதையை நம்புகிறோமோ, அதற்கேற்பவே நம் கேள்விகளும் அமையும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை. சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் பேச்சைக் கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். எந்த ஷாஃப்ட், எந்த ஆண்டு, என்ன கூலி, உடன் வேலை செய்தவர் யார் என்று விவரமாகக் கேளுங்கள். பரணில் கிடக்கும் சங்கத் துண்டறிக்கைகளையும், பழைய இதழ்களையும், சம்பளச் சீட்டுகளையும் பழைய தாள்காரரிடம் போடாதீர்கள். ஜானகி நாயரும் அலாய்சியசும் எழுதியவற்றை, தங்கவயல் பகுதிகளை மட்டுமாவது, தமிழில் கொண்டுவர மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பகங்களும் முன்வரவேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் இளைஞர்களிடம், பயணத்தில் படிக்கத் தங்கள் ஊரைப் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்கவேண்டும்.

அவர்களுள் ஒருவர் நாளை ஒரு படம் எடுக்கலாம். அதில் அடிதடி இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும். நான் முதல் நாள் முதல் காட்சிக்கே போவேன். கேஜ் இறங்கும்போது அதற்குள் நிற்கும் மனிதர்களுக்குப் பெயர் இருந்தால் போதும்.