தாமானுக்கு ஒரு கெத்தாப்பாங்

வெப்ப நாட்டில் இலையுதிர் காலம் ஏது என்பவர்கள் கெடாவின் தோட்டப்புறத்தில் வாழாதவர்கள். ஆண்டுத் தொடக்கத்தின் வறட்சியில் ரப்பர் காடு செம்பழுப்பாகி உதிரும். பால் குறையும், மரம் வெட்டுவோரின் கூலியும் குறையும். அந்த அழகை நம்மவர்கள் ரசித்ததில்லை என்றால் காரணம் அதுதான். ஆனால் ரப்பர் இம்மண்ணின் மரமல்ல. பிரேசிலில் பிறந்து, 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது.

அதே இலையுதிர் அழகோடு, கெடாவின் பாக்கார் ஆராங் போன்ற இடங்களில் தாமான் வீட்டு வரிசைகளுக்கு நிழலும் வேண்டுமென்றால், நான் கெத்தாப்பாங்கைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டார் நாட்டு வாதுமை என்பார்களே, அதுதான். இந்நாட்டுக் கடற்கரைக்குச் சொந்தமான மரம். அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும். பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இலைகள் மஞ்சளாகி, கருஞ்சிவப்பாகி விழும். முதிர்ந்த காயை ஓட்டோடு புதைத்தாலே முளைக்கும். முதல் வறட்சியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். நுனியை வெட்டாதீர்கள், வெட்டினால் அந்த அடுக்கழகு போய்விடும். வீட்டுச் சுவரையும் லோங்காங்கையும் விட்டுத் தள்ளி நடுங்கள். அகன்ற இலை சாக்கடையை அடைக்கிறது என்ற புகார் நியாயமானது. அதற்கு மருந்து துடைப்பம், ரம்பமல்ல. கூட்டிய இலையைக் கொளுத்தவும் வேண்டாம். சண்டை மீன் வளர்ப்பவர்கள் அதே சருகைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள்.