நீதிமன்ற அலுவலகப் பிரிவுகளில் கையூட்டை ஒழிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மாவட்ட வழக்குதாரர் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பதிவாளர் அவர்கள்,
சென்னை உயர் நீதிமன்றம், சென்னை – 600 104.

பொருள்: நகல், சம்மன், வைப்புத்தொகை நடைமுறைகளைச் சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தீர்ப்புகளைப் பற்றி நாங்கள் இம்மனுவில் எதுவும் சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் ஒரு தாள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக நாங்கள் கொடுக்க நேரும் பணத்தைப் பற்றியே முறையிடுகிறோம். கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாடு அரசமைப்பின் 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்திடம் இருப்பதால் தங்களை நாடி வந்துள்ளோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சான்றிட்ட நகல். நகல் மனு போட்டபின் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது நகல் பிரிவில் உள்ளவருக்கு மட்டுமே தெரியும். ‘கட்டு இன்னும் வரவில்லை’, ‘கையெழுத்து ஆகவில்லை’ என்ற பதில்கள் உண்மையாகவும் இருக்கலாம். சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. நகலுக்கு ஆகும் நாட்களைச் சட்டம் கழித்துக் கொடுக்கிறது. ஆனால் தடையாணை பெற்றவருக்கு அதனால் பயனில்லை. ஆணை நகல் கைக்கு வருமுன் எதிர்த்தரப்பு நிலத்தில் இறங்கிவிடுகிறது. அந்த அவசரத்துக்குத்தான் விலை வைக்கப்படுகிறது.

ஆகவே நகல் மனுவின் வரிசை எண், முத்திரைத்தாள் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி மூன்றையும் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வரிசையை மீறி நகல் தந்தால் காரணமும், உத்தரவிட்டவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். மின்கையொப்பமும் கியூஆர் குறியீடும் கொண்ட நகலை வட்டாட்சியரும் சார்பதிவாளரும் காவல் நிலையமும் வங்கியும் ஏற்கும்படி அரசிடம் பேசிச் சுற்றறிக்கை வரச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைக் கணினிமயமாக்கினாலும் நாங்கள் அதே மேசை முன்புதான் நிற்போம்.

சம்மனுக்கு நீதிமன்றத்தில் பேட்டா கட்டியபின்னும் அமீனாவின் வண்டிச் செலவு எங்கள் தலையில் விழுகிறது. எதிராளி கவனித்துவிட்டால் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று சம்மன் திரும்பிவிடும். சார்பு செய்த இடத்தையும் நேரத்தையும் பதியும் என்ஸ்டெப் செயலி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவு இல்லாத அறிக்கையை ஏற்கக் கூடாது. அதேவேளை, பணியாளரின் பயணப்படியைக் கட்டுப்படியாகும் அளவுக்கு உயர்த்தாமல் இதைக் கேட்பது நியாயமாகாது என்பதையும் நாங்கள் உணர்ந்தே எழுதுகிறோம்.

ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, வைப்புத்தொகை ஆகியவற்றைக் காசோலை மனுவுக்கு அலையவிடாமல் உரியவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி, கட்டாயத்தின் பேரில் கையூட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்யாவிட்டால் அவரும் குற்றவாளியாகிறார். ஆனால் வழக்கு நடக்கும் இடத்து ஊழியர்மீது புகார் கொடுத்தால் அடுத்த வாய்தாவில் கட்டு காணாமல் போகும் என்று எங்கள் உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள். எனவே வேறு மாவட்டத்து நீதித்துறை அதிகாரி ஒருவரைப் புகார் அலுவலராக அமர்த்தி, பெயரைக் காத்து, புகாருக்கு எண் தர வேண்டும்.

மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023-இல் 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கருவிகளுக்குப் பணம் இருக்கும்போதே நகல் பிரிவின் காலிப் பணியிடங்களையும் நிரப்ப வேண்டுகிறோம்.

நகல் வரிசை வெளியீட்டை எங்கள் மாவட்ட வளாகத்தில் முதலில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். அதற்கு உதவியாக உறுப்பினர்களின் நிலுவை நகல் மனுக்களின் பட்டியலை இணைத்துள்ளோம். எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இணைப்பு: நிலுவை நகல் மனுக்களின் பட்டியல்.
நகல்: முதன்மை மாவட்ட நீதிபதி அவர்கள்.