கலையும் வேதியியலும்

கலை உள்ளத்தின் மலர்ச்சி. வேதியியல் ஆய்வுக்கூடத்தின் உழைப்பு. இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கருதுவோர் பலர். அறிவியல் பயிலச் செல்லும் மாணவன் கலையைத் துறந்துவிட்டான் என்றும், ஓவியம் பயிலும் மாணவனுக்குச் சுண்ணத்தைப் பற்றிய அறிவு வேண்டுவதில்லை என்றும் அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது, அன்றியும் கேடு பயப்பது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களே இதற்குச் சான்று பகரும்.

முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றின் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களே நெடுங்காலம் காட்சியளித்தன. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், அவற்றின் அடியில் வேறோர் ஓவியம் மறைந்திருத்தலைக் கண்டறிந்தார். அது சோழர் கால ஓவியம். சுந்தரர் யானைமீது கயிலை செல்லும் காட்சியும், சேரமான் பெருமாள் குதிரைமீது உடன் செல்லும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானின் வீறுமிக்க கோலமும், ஆடல் மகளிரின் ஒயிலும் மீண்டும் உலகிற்குப் புலப்பட்டன.

ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வண்ணங்கள் அழியாதிருந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடியவர் வேதியியலறிஞர் ஒருவர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஸ். பரமசிவன் அவர்கள் காரையையும் வண்ணங்களையும் ஆராய்ந்து, ஈரச் சுதையின்மேல் தீட்டப்பட்ட ஓவியம் அது என்று முடிவு கண்டார். 1937ஆம் ஆண்டில் அம்முடிவை வெளியிட்டார்.

ஈரச் சுதை வண்ணத்தைக் காக்கும் முறை வியப்புக்குரியது. சுண்ணக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைக் குழைத்துச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லின் தன்மையை அடையும். பூச்சு ஈரமாயிருக்கும்போது தீட்டிய வண்ணத்தை அக்கல் தன்னுள் பிணித்துக்கொள்கின்றது. பசையின்றியே வண்ணம் சுவரோடு ஒன்றிவிடுகின்றது.

இவ்வேதியியல் மாற்றம் ஓவியத்தை நிலைநிறுத்துவதோடு அமைவதில்லை. ஓவியன் கைத்திறனையும் அதுவே உருவாக்குகின்றது. சுதை உலர்வதற்குள் அவன் தீட்டி முடித்தல் வேண்டும். அழித்துத் திருத்த அவனுக்குக் காலம் இல்லை. ஆகவே கோடு தயக்கமின்றி ஓடுகின்றது. சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் மண் வண்ணங்களையே அவன் தேர்ந்தெடுக்கின்றான். செங்காவியும் மஞ்சட்காவியும் சுவரோவியங்களில் மிகுந்து விளங்குதற்குக் காரணம் இதுவே.

“பழங்கால ஓவியர் வேதியியல் கற்றவர் அல்லரே!” என்று சிலர் வினவலாம். அவர்கள் அப்பெயரை அறியார். ஆயினும் அப்பொருளை அறிந்திருந்தனர். எத்துணை நாள் சுண்ணாம்பை ஊறவைப்பது, எவ்வண்ணம் நிலைக்கும், எவ்வண்ணம் மங்கும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் தேர்ந்தனர். கையால் அறிந்ததைப் பின்னாளில் கருத்தால் அறிந்தது வேதியியல். அறிவு ஒன்றே, அதனை அடையும் வழிகள் இரண்டு.

பொருளின் இயல்பைக் கருதாது விட்டால் வருங்கேடு யாது என்பதற்கு மேலை நாட்டில் ஒரு சான்று உண்டு. வின்சென்ட் வான் கோ என்னும் ஓவியர் குரோம் மஞ்சள் என்னும் வண்ணத்தைப் பெரிதும் விரும்பினார். அவர் தீட்டிய பொன்னிற ஒளி சில படங்களில் நாளடைவில் பழுப்பேறியது. ஒளி படுவதால் அவ்வண்ணத்திலுள்ள குரோமியம் மாறுதலடைவதே காரணம் என்று 2011ஆம் ஆண்டில் வேதியியலறிஞர் ஊடுகதிர்களின் துணைகொண்டு விளக்கினர். நோய் புலப்பட்டமையால், ஒளியைக் குறைத்துக் காக்கும் வழியும் புலப்பட்டது.

செப்புத் திருமேனிகளுக்கும் இத்தகைய நோய் உண்டு. மண்ணுள் நெடுநாள் புதையுண்டு கிடந்த திருமேனிகளில் உப்பின் கூறாகிய குளோரைடு படிகின்றது. காற்றும் ஈரமும் பட்டவுடன் அது உலோகத்தை அரித்துப் பச்சைப் பொடியாக உதிர்க்கின்றது. இந்நோயைத் தீர்க்கும் பொருட்டு 1930ஆம் ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. காரக் கரைசலில் திருமேனியை அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரைடு பிரிந்து அகலும். இம்மருத்துவம் இல்லையேல், சிற்பியின் உளி நுணுக்கம் பொடியாய் உதிர்ந்திருக்கும்.

வேதியியல் கலையைப் படைத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். வண்ணம் ஏன் நிலைத்தது என்பதைச் சுண்ணம் விளக்கும். ஆடல் மகளின் விரல் நம் நெஞ்சை ஏன் அசைக்கின்றது என்பதை அது விளக்காது. எனினும் வண்ணம் அழிந்தபின் அவ்விரலைக் காண்பது எங்ஙனம்?

கோயில்களைத் தூய்மைப்படுத்தும் ஆர்வத்தால் பழைய ஓவியங்களின்மேல் வெள்ளையடித்தோர் உளர். பழஞ்சுதை பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசியோரும் உளர். சிமெண்டு சுவரின் ஈரத்தை வெளிவிடாது தடுக்கின்றது, உப்பையும் சேர்க்கின்றது, ஓவியம் செதில் செதிலாக உதிர்கின்றது. அவர்கள் கலையை வெறுத்தவர் அல்லர். சுண்ணத்தின் இயல்பை அறியாதவர். அன்பு மட்டும் கலையைக் காவாது. அறிவும் உடன் வேண்டும்.

தஞ்சையில் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் நாயக்கர் கால ஓவியத்தின் சில பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்து வேறு பலகைகளில் பதித்தனர். மேலோவியமும் பிழைத்தது; அடியோவியமும் வெளிப்பட்டது. அப்பணிக்கு ஓவியத்தைப் போற்றும் கண்ணும், சுண்ணத்தை அறிந்த கையும் ஒருங்கே தேவைப்பட்டன. இவ்விரண்டையும் ஒருவரிடத்தே வளர்ப்பதே கல்வியின் கடமையாகும்.