கோளாறு கம்பியில், கூடுதல் கட்டணம் எதற்கு?

பெங்களூரில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் இன்டர்நெட் கட்டணம் இப்போது மின்சாரக் கட்டணத்தைப் போலத் தவிர்க்க முடியாத மாதச் செலவாகிவிட்டது. மகன் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதும், மனைவி வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிச் சம்பாதிப்பதும் அதை நம்பித்தான். வேகம் குறைந்தால் வீட்டில் புகைச்சல் கிளம்புகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: இன்னும் பெரிய பிளானுக்கு மாறுங்கள். மாதம் இருநூறோ முந்நூறோ கூடுகிறது. வேகம் மட்டும் கூடுவதில்லை.

இப்படிப் பணம் கட்டுபவர்களில் பலருடைய வீட்டில் கோளாறு பிளானில் இல்லை. ரவுட்டர் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடும் கம்பியில் இருக்கிறது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. 300 மெகாபிட் பிளான் உள்ள வீட்டில், ரவுட்டர் பக்கத்தில் நின்று கைபேசியில் சோதித்தால் 250-க்கு மேல் காட்டுகிறது. கம்பி போட்ட கம்ப்யூட்டரிலோ 94-ஐத் தாண்டுவதில்லை. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. கம்பி என்றால் வேகம் என்று நம்பியவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்தக் கம்பிக்குள் எட்டு மெல்லிய இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எட்டில் ஒன்று அறுந்தாலும் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் பல சமயம் 100-க்கு இறங்கிவிடுகின்றன. அதில் தகவலோடு போகும் உறை, முகவரிச் செலவு கழிந்து கைக்கு வருவது சுமார் 94. இணைப்பு அறுபடாததால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எவ்வளவு பெரிய பிளான் வாங்கினாலும் இந்த வாசலில் 94-தான் நுழையும்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள நெருக்கமான வாடகை வீடுகளில் இழை அறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. கம்பி ஜன்னல் கதவு இடுக்கில் நசுங்கியோ, கட்டிலின் காலடியில் மிதிபட்டோ போகிறது. சில இடங்களில் கம்பி இழுக்க வந்தவரே மிச்சம் பிடித்து, ஒரே கம்பியின் எட்டு இழைகளை நாலு நாலாகப் பிரித்து இரண்டு வீட்டுக்கு இணைப்பு கொடுத்துவிடுவதுண்டு. தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியும் மலிவு விலையில் கிடைக்கிறது. நாலு தடவை மடக்கினால் முறிகிற சரக்கு அது.

சோதிப்பதற்கு மெக்கானிக் வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் பகுதியில் ஈதர்நெட் என்ற இடத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். 1000 என்றிருந்தால் கம்பி சரி. 100 என்றிருந்தால், பிளக்கைக் கழற்றி அழுத்தமாக மாட்டிப் பார்த்து, அப்போதும் மாறாவிட்டால் கம்பியை மாற்ற வேண்டியதுதான். கேட்-5இ என்று அச்சிட்ட நல்ல தாமிரக் கம்பி 100 மீட்டர் தூரம் வரை 1,000 மெகாபிட்டைத் தாங்கும். கேட்-8 வாங்குங்கள் என்று கடைக்காரர் வற்புறுத்துவது வியாபாரம். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே அதற்கு வேலையில்லை.

எஸ்.பி. ரோடில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் என்றால் அதன் துளையே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். ரவுட்டர் பெட்டியிலும் சில துளைகள் அப்படிப்பட்டவை. எந்தக் கம்பி போட்டாலும் அங்கே பலனில்லை.

சாயங்காலம் மட்டும் மந்தமாகி விடியற்காலையில் சரியாகிறது என்றால் கம்பியைக் குறை சொல்லக்கூடாது. அது பெரும்பாலும் கம்பெனிப் பாதையின் நெரிசல். கம்ப்யூட்டர் 12 மெகாபைட் என்று காட்டினால் அதுவும் மோசடியல்ல. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 100 மெகாபிட் என்பது பன்னிரண்டரை மெகாபைட்.

இவ்வளவையும் சந்தாதாரர்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமல்ல. ரவுட்டர் பெட்டியின் துளை 100-ல் இயங்குகிறதா, 1,000-ல் இயங்குகிறதா என்பதைப் பல கம்பெனிகள் தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்க முடியும். அதைப் பார்க்காமல் பெரிய பிளானைச் சிபாரிசு செய்வது, செருப்பில் முள் குத்துகிறது என்றவருக்குப் புதுச் செருப்பை விற்பது போன்றது. இணைப்பு கொடுக்கும் நாளிலேயே கம்பி போட்ட கம்ப்யூட்டரில் வேகத்தை அளந்து காட்டி, அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். "300 வரை" என்ற விளம்பரத்தில் உள்ள "வரை" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அனுமதிக்கக்கூடாது. சட்டமோ தாராளமாக இருக்கிறது. பிராட்பேண்ட் என்று பெயர் பெறக் குறைந்தபட்சம் 2 மெகாபிட் போதும் என்று 2023-ல்தான் அரசு உயர்த்தியது. அதற்கு முன் அது அரை மெகாபிட்.

கம்பியும் சரி, கம்ப்யூட்டரும் சரி, ஆனாலும் வேகம் வரவில்லை என்றால் போனில் சண்டை போட்டுப் பயனில்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியில்லாவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.