மப்பு

உளுந்தூர்பேட்டைத் தாலூகாவில் மானாவாரி நிலம் உழும் குடியானவர் ‘மப்பு’ என்று சொன்னால் வானத்தை அண்ணாந்து பார்த்தே சொல்லுவார். மேகம் கவிந்து வெயில் மங்குவதற்கு அது பெயர். மழைக்கு முன்னறிவிப்பாகையால் காதுக்கினிய சொல்லுமாகும். அச்சொல்லையே சாராயத்தாலும் கஞ்சாவாலும் வரும் மயக்கத்திற்கும் நம் ஜனங்கள் வழங்குகின்றனர். ‘மப்பில் இருக்கிறான்’ என்றால் கேட்பவர் சிரிக்கிறார். மேகம் கலைவதுபோல் விடிந்தால் தெளிந்துவிடும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. நமது ஆட்சேபம் அங்கேதான்.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலியால் ஜீவிப்பவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி போதாமல் சேலத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் நோயாளிகளைக் கொண்டு போயினர். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்திலேதான் மரக்காணம், மதுராந்தகம் பக்கங்களில் 20-க்கு மேற்பட்டோர் இதே விஷத்திற்கு இரையாகியிருந்தனர்.

மெத்தனால் செய்யும் வஞ்சகம் விநோதமானது. குடித்தவுடன் சாதாரணச் சாராயம் போலவே தலையைக் கிறங்கச் செய்யும். அரை நாளோ ஒரு நாளோ கழித்தே விஷம் தன் சுயரூபத்தைக் காட்டும். கல்லீரலில் அது பார்மிக் அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது; வாந்தியும் வயிற்று வலியும் காண்கின்றன; பார்வையில் மூடுபனி படிகிறது. மப்பு என்ற சொல் அப்பொழுது பரிகாசமன்று, உள்ளபடியே நேர்ந்த அவஸ்தை. வீட்டாரோ பழைய பொருளையே நம்பி, ‘மப்பில் கிடக்கிறார், தூங்கட்டும்’ என்று விட்டுவிட்டால் அந்த நாழிகைகளிலேயே கண் போகிறது, உயிரும் போகிறது. இவ்விஷத்திற்கு முறிமருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்தி செய்யும் சிகிச்சையும் உண்டு. இரண்டும் காலத்தில் வந்தவருக்கே பயன்படும்.

பிரஜை என்பதற்கு நாம் வைத்த அருமையான பெயராகிய ‘குடிமகன்’ என்பதையும் இந்தப் பரிகாசம் விட்டு வைக்கவில்லை. சுதந்திர நாட்டில் அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் நிலை வந்ததே என்பது நமது தீராத வருத்தம்.

அந்த ஜூன் முடிவதற்குள் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. இறந்தவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் தலா 10 லட்சம் ரூபாய் அளித்தது. காய்ச்சுபவனைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவனுக்கு அச்சட்டம் என்ன செய்யும்? கல்வராயன் மலையடிவாரம் முதல் உளுந்தூர்பேட்டை வரை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் சர்க்கார் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும்: சாராயம் குடித்தவருக்கு மறுநாள் கண் மங்கினால் அது மப்பு அன்று, விஷம், உடனே 108-க்குச் சொல்லுங்கள்.